பத்தாம் வகுப்புக்குப் போர்க்காலக் கூட்டணிகளை எப்படி நடத்துவது?

ராயபுரம் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பதினாலு வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு பி பிரிவு. 43 பிள்ளைகள், தமிழ் வழி. பாதிப் பேர் வீட்டில் மீன்பிடித் துறைமுகத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

போன வாரம் முதல் உலகப்போர் எடுத்தேன். போர்டில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. இன்னொரு பக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் என்று எழுதிப் போட்டேன். எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், இத்தாலி அந்தப் பக்கம் இருந்துச்சு. அப்புறம் இந்தப் பக்கம் வந்து சண்டை போட்டுச்சுன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கு. அப்போ முதல்ல கையெழுத்துப் போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "துரோகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனசு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கோட்டையே அழித்துவிட்டு வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று தோன்றுகிறது.

இன்னொரு சங்கடம். "கூட்டணி" என்று சொன்ன உடனே பையன்கள் தேர்தல் கூட்டணிக்குப் போய்விடுகிறார்கள். கட்சிப் பெயர் வகுப்புக்குள் வந்தால் அன்றைய பாடம் அவ்வளவுதான். நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

---

மணலி சார் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன்.

இத்தாலிக்குப் பதில் சுருக்கமானது. 1882 முக்கூட்டு ஒப்பந்தம் தற்காப்புக்கானது. கூட்டாளியை யாராவது தாக்கினால் துணைக்கு வர வேண்டும், அவ்வளவே. 1914-ல் ஆஸ்திரியாதான் செர்பியா மீது படையெடுத்தது. ஆகவே எனக்குக் கடமை இல்லை என்று இத்தாலி நடுநிலை அறிவித்தது. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டு, ட்ரென்டினோ, ட்ரியெஸ்தே, டால்மேஷியாவில் ஒரு பகுதி என்று நிலம் தருவதாக நேச நாடுகள் வாக்குக் கொடுத்தன. அடுத்த மாதமே இத்தாலி ஆஸ்திரியா மீது போர் தொடுத்தது.

இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகலாம். நம் பிள்ளைகளில் பலர் அந்த வீட்டின் முதல் பத்தாம் வகுப்பு. அவர்களுக்கு மதிப்பெண்தான் கதவு. காலக்கோடு போடப் பழக்குங்கள். 1882 முக்கூட்டு, 1894 பிரான்ஸ்-ரஷ்யா, 1904 பிரிட்டன்-பிரான்ஸ், 1907 பிரிட்டன்-ரஷ்யா, நான்கும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும்.

---

காசிமேடு கடலோரம் எழுதியது:

மிஸ், ஏரியா சண்டை மாதிரி சொல்லிடுங்க. இந்த ஏரியா ஆளை அந்த ஏரியா ஆளு அடிச்சா, இவனுக்கு ஃப்ரெண்டு அங்கேர்ந்து வருவான், அவனுக்கு ஃப்ரெண்டு இங்கேர்ந்து வருவான். நம்ம பசங்களுக்கு டக்குனு ஏறும்.

---

ராயபுரம் டீச்சர் எழுதியது:

மணலி சார், நன்றி. அந்தப் பதிலை அப்படியே நாளைக்குச் சொல்கிறேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் நிற்காது சார். அடுத்த கேள்வி "நிலம் குடுத்தாங்களா?" என்று வரும். டால்மேஷியாவில் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, அந்தக் கோபத்தை முசோலினி பிடித்துக்கொண்டார் என்று போகும். அது இரண்டாவது பாடத்துக்கே வழி. அவசரப்பட்டு மூட எனக்கு விருப்பமில்லை.

கடலோரம் தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. அந்த உவமையை மட்டும் நான் எடுக்க மாட்டேன். வடசென்னை என்றாலே வெட்டுக்குத்து என்று வெளியில் இருப்பவர்கள் ஏற்கனவே நம் பிள்ளைகள் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போனால் முகவரி சொல்லவே யோசிக்கிற பிள்ளைகள் இவர்கள். வகுப்பில் டீச்சரும் அதையே சொன்னால் எப்படி? தவிர, ஏரியா சண்டையில் எழுதி வைத்த ஒப்பந்தம் கிடையாது. எனக்கு வேண்டியது அந்தக் காகிதம்.

---

வண்ணை வாசகன் எழுதியது:

டீச்சரம்மா, துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வரலாறு பட்டம் கிடையாது, ஆர்வம்தான்.

உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற கடலில் இருந்தே ஆரம்பியுங்கள். எம்டன்.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்து பீரங்கி பதில் சொல்ல ஆரம்பித்தபோது கப்பல் அடிபடாமல் இருட்டில் மறைந்துவிட்டது. மறுநாளே ஊரில் ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டினார்கள். உயர் நீதிமன்றத்துச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் வாயில் வருகிறதே, அது இந்தக் கப்பல்தான்.

இது எல்லாரும் சொல்கிற கதை. நான் சொல்ல வருவது வேறு. அந்த ஒரு கப்பலின் பின்னாலேயே நூல் பிடித்துப் போங்கள். கூட்டணி முழுக்க வங்காள விரிகுடாவிலேயே கிடைக்கும்.

கப்பல் கிளம்பிய இடம் சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ். அங்கே திரும்பிப் போக முடியாமல் போனதற்குக் காரணம் ஜப்பான். 1902-ல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, 1914 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனி மீது ஜப்பான் போர் அறிவித்தது. அடுத்து, செப்டம்பர் நடுவில் கல்கத்தாப் பக்கம் லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை எம்டன் நிறுத்தியது. நடுநிலை நாட்டுக் கப்பல் என்பதால் விட்டுவிட்டது. அந்த இத்தாலியக் கப்பல்தான் எதிரே வந்த ஆங்கிலேயக் கப்பலிடம் "ஜெர்மன்காரன் இங்கே சுற்றுகிறான்" என்று சொல்லிவிட்டது! காகிதத்தில் இத்தாலி அன்றைக்கும் ஜெர்மனியின் கூட்டாளி. உங்கள் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அக்டோபர் 28, பினாங்கு. எம்டன் அங்கே மூழ்கடித்தது ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலையும் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும். ஆங்கிலேயர் துறைமுகத்தில் ரஷ்யாக்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் என்ன வேலை? அதுதான் போர்டில் நீங்கள் எழுதிய வலது பக்கம். நவம்பர் 9, கோகோஸ் தீவு. எம்டனை அடித்துக் கரையில் ஏற வைத்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். அது அப்போது துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. கூடவே காவலுக்குப் போனது இபுகி, ஜப்பான் கப்பல்.

ஒரு பழைய நிலப்படம், ஒரு சிவப்பு நூல், ஆறு குண்டூசி. அவ்வளவுதான் செலவு.

---

வியாசர்பாடி தம்பி எழுதியது:

ஐயா செம! அந்த எம்டன் கப்பல்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தாருன்னு எங்க தாத்தா சொல்வாரு. ஜெர்மன் கேப்டனுக்கு மெட்ராஸ்ல எங்க சுடணும்னு காட்டினதே அவர்தானாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க டீச்சர், பசங்களுக்குப் பெருமையா இருக்கும். (நான் பி.ஏ. வரலாறு ரெண்டாவது வருஷம்.)

---

பெரம்பூர் பிஜி எழுதியது:

தம்பி, நானும் சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அதற்கு ஆவணம் கிடையாது. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். 1914-ல் ஜூரிச்சில் இந்திய விடுதலைக்காக ஒரு குழு தொடங்கி, பிறகு பெர்லினில் இருந்த இந்தியர் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். அது உறுதியான வரலாறு. அதுவே போதுமான பெருமை. எம்டன் கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை.

ஆனால் டீச்சர், இந்தக் கதையைத் தூக்கிப் போடாதீர்கள். "இதை ஏன் நம் ஊர் நம்ப விரும்பியது?" என்று கேளுங்கள். எதிரிக்கு எதிரி நண்பன் என்ற நினைப்பு ஒரு அடிமை நாட்டுக்கு எவ்வளவு இயல்பு என்று அதிலிருந்தே பேசலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு நான் இன்னும் பின்னால் போவேன். வால்டாக்ஸ் ரோட்டில் பஸ் ஏறாத பிள்ளை நம் பக்கம் உண்டா? அது "மதில் வரி" ரோடு. மைசூர் ஹைதர் அலியின் குதிரைப்படைக்குப் பயந்து, கோட்டைக்கு வெளியே நம் ஜனங்கள் இருந்த கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்காக ஊர் ஜனங்கள் மேல் வரி போட நினைத்ததால் வந்த பெயர். அந்த மதிலில் மிச்சம் இருக்கிற துண்டு பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவில் இருக்கிறது.

அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம். 1769-ல் ஹைதர் சென்னையின் வாசல் வரை வந்து நின்று, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார். பிடித்த இடங்களைத் திருப்பித் தர வேண்டும்; ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும். சரியாக இரண்டே வருஷம். 1771-ல் மராத்தியர்கள் மைசூர் மீது பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி கையை விரித்தது. அந்தக் காயத்தோடுதான் 1780-ல் கர்நாடகப் பகுதிக்குள் அவர் இறங்கியதும், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கம்பெனிப் படை நொறுங்கியதும். 1882, 1914, 1915 என்று ஐரோப்பாவில் பிள்ளைகள் படிக்கிற அதே கணக்கு, வால்டாக்ஸ் ரோட்டிலேயே இருக்கிறது.

இன்னும் ஒன்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பிடித்ததும் ஊரை உங்களுக்கே தருகிறேன் என்று ஆற்காடு நவாபிடம் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சொல்லியிருந்தார். தரவில்லை. அடையாற்றங்கரையில் நவாபின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் சண்டையே நடந்தது. கடைசியில் 1748-ல் ஏ-லா-ஷாப்பெல் என்ற ஊரில் உட்கார்ந்து, கனடாப் பக்கம் லூயிபூர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்து, சென்னையை ஆங்கிலேயர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பனி பெய்கிற ஒரு கோட்டைக்கு ஈடாக நம் ஊர். இங்கே இருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் தமிழிலேயே எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார். டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கம் பிள்ளை. 1709-ல் பிறந்தது எங்கள் பெரம்பூரில்! 1736-லிருந்து எழுதிய நாட்குறிப்பு. தூதுவன் என்ன சொன்னான், துரை முகம் எப்படி மாறியது என்று பக்கத்தில் நின்று பார்த்தவரின் எழுத்து. ஒரு பக்கம் எடுத்து வகுப்பில் சத்தமாக வாசிக்க விட்டுப் பாருங்கள்.

---

மணலி சார் எழுதியது:

அம்மா, எல்லாம் அருமை. மறுக்கவில்லை. ஆனால் அரையாண்டுக்கு முன்னால் எத்தனை பாடம் முடிக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். எம்டன் ஒரு பீரியட், மதில் ஒரு பீரியட் என்று போனால் குடிமையியலை யார் நடத்துவது? புவியியல் வரைபடம்?

---

ராயபுரம் டீச்சர் எழுதியது:

சார், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இரண்டே பீரியட் எடுத்துக்கொள்கிறேன். நடந்ததை இங்கே வந்து எழுதுகிறேன்.

---

ராயபுரம் டீச்சர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நடத்திவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பீரியட் முழுக்க எம்டன். வண்ணை ஐயா சொன்ன மாதிரியே நூலும் குண்டூசியும். பினாங்கு எங்கே என்று ஒரு பையன் சட்டென்று காட்டினான். அவன் மாமா அங்கே கப்பலில் வேலை பார்க்கிறாராம். லொரெடானோ கதையைச் சொன்னதும் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண், "அப்போ இத்தாலி 1915-ல மாறல மிஸ், முன்னாடியே மாறிடுச்சு" என்றாள். நானே அப்படி யோசித்ததில்லை.

இரண்டாவது பீரியட் 1914 ஜூலை. பழைய பரீட்சைப் பேப்பரை மடித்து எட்டு கவர் செய்தேன். ஆஸ்திரியா, செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், பெல்ஜியம், இத்தாலி. ஒவ்வொரு கவருக்குள்ளும் மூன்றே வரி: நீங்கள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், உங்களுக்கு எதைக் கண்டு பயம், உங்களுக்கு என்ன வேண்டும். பக்கத்துக் குழுவின் கவரைப் பார்க்கக் கூடாது. பேச வேண்டுமென்றால் சீட்டு எழுதி என்னிடம் தர வேண்டும்; நான்தான் தந்தி ஆபீஸ். ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரயேவோ கொலையைச் சொல்லி ஆரம்பித்தேன். ஆஸ்திரியா கொடுத்த 48 மணி நேரக் கெடுவை எட்டு நிமிஷமாக்கிக் கடிகாரத்தை மேசையில் வைத்தேன்.

செர்பியா குழு நாலு நிமிஷத்தில் எல்லாக் கோரிக்கையையும் ஒத்துக்கொண்டு சீட்டு அனுப்பிவிட்டது. ஆஸ்திரியா குழு அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஜெர்மனி நம்ம பின்னாடி இருக்கு, எதுக்கு ஒத்துக்கணும்?" என்று மடித்து வைத்துவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜூலை 5 அன்று ஜெர்மனி கொடுத்த வாக்குறுதி கவரில் ஒரு வரியாக இருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மறுநாள்தான் உண்மையில் நடந்ததைச் சொன்னேன். செர்பியா பெரும்பாலும் ஒத்துக்கொண்டது, தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரிப்பதை மட்டும் மறுத்தது. ஜெர்மன் சக்ரவர்த்தியே அந்தப் பதிலைப் படித்துவிட்டு இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறிப்பு எழுதினார். அன்றைக்கே, ஜூலை 28, ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

பெல்ஜியம் குழுவில் சண்டை. ஜெர்மனி வழி கேட்டுச் சீட்டு அனுப்பியது. "வழிதான கேக்குறான், விட்டா போய்டுவான்" என்று இரண்டு பேர். "விட்டா நம்ம சொன்ன வார்த்தை என்ன ஆகுறது?" என்று ஒரு பையன். 1839-ல் கையெழுத்தான நடுநிலை ஒப்பந்தம் அவன் கவரில் இருந்தது. அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டிக் காட்டிப் பேசினான். வீட்டுக் கணக்கில் ஒரு பக்கம்கூட ஒழுங்காக எழுதாத பையன் அவன்.

இப்போது முக்கியமான விஷயம். எட்டு ஐந்து நாற்பது. மூன்று பேர் மிச்சம். அவர்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, "நீங்கள் இந்தியா" என்றேன். அந்தப் பெண்ணும் அதில் இருந்தாள். "எங்க கவர் எங்க மிஸ்?" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். எல்லாக் குழுவும் சீட்டு அனுப்பி, கத்தி, பேரம் பேசிக்கொண்டிருக்க இந்த மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி பென்சிலைச் சீவிச் சீவி அரைப் பென்சிலாக்கிவிட்டாள். கடைசியில் பிரிட்டன் குழு எழுந்து போர் அறிவித்தது. நான் அந்தப் பெஞ்சுக்குப் போய், "நீங்களும் இப்போது போரில் இருக்கிறீர்கள். உங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டிப் போகப் போகிறீர்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் திரும்பி வர மாட்டீர்கள்" என்றேன்.

"நாங்க எதுலயும் கையெழுத்துப் போடலையே மிஸ்."

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

---

வண்ணை வாசகன் எழுதியது:

படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் டீச்சரம்மா. கோட்டைக்கு எதிரே போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். இனி அதைப் பார்க்கிறபோது அந்தப் பென்சில் ஞாபகம் வரும்.

---

பெரம்பூர் பிஜி எழுதியது:

அந்த இந்தியா பெஞ்சை அப்படியே வைத்திருங்கள் டீச்சர். இரண்டாம் உலகப்போருக்கும் அதே பெஞ்சு வேண்டும். 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். 25 ஆண்டு கழித்தும் கவர் வரவில்லை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தில் எல்லா மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த மாதமே சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது நாஜிப் பிடியில் இருக்கிற ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது என்று இந்தியாவையும் பர்மாவையும் விலக்கி வைத்தார். 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களோடு பேச வந்ததும் சும்மா இல்லை. சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்த பிறகு, அமெரிக்கா தோளைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கவர் விளையாட்டில் எல்லா நாடும் சமமாகத் தெரியும். எல்லாரும் பயந்தார்கள், எல்லாரும் தடுமாறினார்கள் என்று தோன்றிவிடும். ஹிட்லர் விஷயத்தில் அப்படி விடக் கூடாது. 1939 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனியும் சோவியத்தும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் போலந்தைப் பங்கு போடும் ரகசியப் பகுதி இருந்தது. அதை விளையாட்டாக்காதீர்கள். அதைப் படித்துக் காட்டுங்கள்.

---

வியாசர்பாடி தம்பி எழுதியது:

டீச்சர், பசங்க நேதாஜி பத்தி கேட்டா என்ன சொல்வீங்க? எங்க காலேஜ்லயே இது பெரிய வாக்குவாதம். ஹிட்லரைப் பார்த்தாரு, ஜப்பானோட சேர்ந்தாரு. தப்பா சரியா?

---

ராயபுரம் டீச்சர் எழுதியது:

கேட்டுவிட்டார்கள் தம்பி. நான் தீர்ப்பு சொல்லவில்லை. போர்டில் மூன்று கேள்வி எழுதினேன்: அவருக்கு என்ன வேண்டும்? ஜப்பானுக்கு என்ன வேண்டும்? இருவரில் யார் கையில் துப்பாக்கி அதிகம்?

1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசு அறிவித்ததும், மலேயா தோட்டங்களில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும் சொன்னேன். அதே ஜப்பான், அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போய்ச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதையில் சாகடித்ததும் சொன்னேன். இரண்டும் ஒரே காலம், ஒரே ஜனம். ஒரு பையன் "ரெண்டையும் எப்படி மிஸ் ஒரே பதில்ல எழுதுறது?" என்றான். இரண்டு பத்தியாக எழுது, ஆனால் இரண்டையும் எழுது என்றேன்.

---

சத்தியமூர்த்தி நகர் அம்மா எழுதியது:

வணக்கம். எழுதலாமா கூடாதான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் பையன் வேற ஸ்கூல்ல பத்தாவது. எங்க குடும்பம் பர்மாவிலேர்ந்து வந்தது.

1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டப்போ எங்க பாட்டிக்கு ஒன்பது வயசு. அவங்க அப்பா அம்மா கூட அரக்கான் மலை வழியா நடந்தாங்க. தம்பிப் பாப்பா வழியிலேயே போய்ட்டான். புதைக்கக் கூட நேரம் இல்லை, இலையைப் போட்டு மூடிட்டு நடந்தோம்னு சொல்வாங்க. சண்டை முடிஞ்சு திரும்பிப் போனாங்க. அப்புறம் 1960-களில் அங்க கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தாங்க. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார்ல எங்க தாத்தா தட்டு வெச்சு வியாபாரம் பண்ணினாரு.

நான் இந்த இழையைப் பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவன் ஒண்ணு கேட்டான். "எம்டன் கதையில ஜப்பான் நம்ம பக்கம் காவலுக்கு வருது. பாட்டி கதையில ஜப்பான் குண்டு போடுது. எப்போ மாறுச்சு?" எனக்குச் சொல்லத் தெரியலை. யாராவது சொல்லுங்க.

---

பெரம்பூர் பிஜி எழுதியது:

அம்மா, உங்கள் மகனின் கேள்வி நான் முதுகலை மாணவர்களிடம் எதிர்பார்க்கிற கேள்வி. அவனுக்கு இப்படிச் சொல்லுங்கள்.

1902 ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் பொதுவான பயம் ரஷ்யா. 1914-ல் அந்த உறவால் ஜப்பானுக்குச் சிங்தாவ் கிடைத்தது. எம்டன் அழிவதற்கு இரண்டே நாள் முன்னால், நவம்பர் 7-ல் பிடித்தார்கள். போர் முடிந்ததும் ரஷ்யப் பயம் குறைந்தது. பசிபிக்கில் ஜப்பான் வளர்வது அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஜப்பானா அமெரிக்காவா என்று பிரிட்டன் யோசித்தது. 1921 டிசம்பரில் வாஷிங்டன் மாநாட்டில் நான்கு நாடுகள் சேர்ந்து ஒரு பொது ஒப்பந்தம் போட்டு, பழைய நட்பை ஓசையில்லாமல் முடித்துவைத்தார்கள். ஜப்பான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டது. பிறகு 1931-ல் மஞ்சூரியா, 1937-ல் சீனா, 1940 செப்டம்பரில் ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தம். பர்மா வழியாகச் சீனாவுக்கு ஆயுதம் போவதைத் தடுக்க வேண்டும், எண்ணெய் வேண்டும். உங்கள் பாட்டி நடந்தது அதனால்.

---

வண்ணை வாசகன் எழுதியது:

1942 ஏப்ரலில் அதே ஜப்பான் கப்பற்படை கொழும்பையும் திருகோணமலையையும் அடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலியெல்லாம் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். எங்க அப்பா அப்போது சிறு பையன். அந்தத் துப்பாக்கிச் சத்தம் ஞாபகம் இருக்கிறது என்பார்.

1914-ல் இபுகி காவல் போன கடல். 28 வருஷம்.

---

மணலி சார் எழுதியது:

முழுவதும் படித்தேன். சத்தியமூர்த்தி நகர் அம்மாவுக்கு என் வணக்கம்.

டீச்சர், வகுப்புத் தேர்வு வைத்தீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

---

ராயபுரம் டீச்சர் எழுதியது:

வைத்தேன் சார். மறைக்கவில்லை. காலக்கோட்டில் ஆறு பேர் 1904-ஐயும் 1907-ஐயும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அது என் தவறு, நூலும் குண்டூசியும் ஆர்வத்தில் அதைப் பழக்கவில்லை. இந்த வாரம் தினமும் ஐந்து நிமிஷம் அதற்கு. ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்வியில் வெறுமே நாடுகளின் பெயரை அடுக்கியவர்கள் நாலே பேர். மற்றவர்கள் "ஏனென்றால்" என்ற சொல்லைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். பதினாலு வருஷத்தில் விடைத்தாள் திருத்தும்போது அந்தச் சொல்லை நான் இத்தனை தடவை பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சுப் பெண் விடைக்குக் கீழே தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: "மிஸ், இந்தியாவுக்காக யாராவது எப்பயாவது கையெழுத்துப் போட்டாங்களா?" 1945 ஜூன் 26-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஆற்காடு ராமசாமி முதலியார் ஒருவர் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது நாம் விடுதலை பெறவில்லையே என்று உடனே கேட்டாள். அதை அடுத்த வகுப்புக்கு வைத்திருக்கிறேன்.

மணலி சார் ஒத்துக்கொண்டால் ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை தலைமையாசிரியர் அனுமதியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய ஜெயில் ரோட்டு மதிலில் ஆரம்பித்து உயர் நீதிமன்றத்து எம்டன் கல்வெட்டு வரை நடக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் முடியும். 43 பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி போதாது.

---

மணலி சார் எழுதியது:

ஆறே முக்காலுக்கு மாடிப் பூங்கா வாசலில் இருப்பேன்.

---

வண்ணை வாசகன் எழுதியது:

தண்ணீர் கேன் என் பொறுப்பு. தம்பி வியாசர்பாடி, ஆட்டோவில் ஏற்ற ஒரு கை கொடுப்பா.

---

சத்தியமூர்த்தி நகர் அம்மா எழுதியது:

என் பையனையும் அனுப்பலாமா டீச்சர்? வேற ஸ்கூல்தான். பாட்டியும் வரேன்றாங்க. ரொம்ப தூரம் நடக்க மாட்டாங்க, பர்மா பஜார்கிட்ட வந்து நிக்கிறேன், பிள்ளைங்க வந்ததும் சொல்றேன்னு சொல்றாங்க.